முதலில் வெற்றிடம்: ஒரு பின்பக்கத் தோட்டத்தின் நாட்குறிப்பு

ஜனவரி 11, ஞாயிறு

இன்று டேப்பை எடுத்துக்கொண்டு வீட்டின் பின்பக்கத்தை அளந்தோம். வீட்டுச் சுவரை ஒட்டி 42 அடி. அங்கிருந்து பின்மதில் வரை 31 அடி. இப்போது அங்கே இருப்பவை ஒரு கொய்யா மரம், துணிக்கொடி, செப்டிக் டேங்க் மூடி, கண்ட இடத்திலெல்லாம் தொட்டிகள். ஒவ்வொரு செடியும் தனியாகப் பார்த்தால் அழகுதான். மொத்தமாகப் பார்த்தால், வீடு மாறும்போது லாரியிலிருந்து இறக்கிவைத்த சாமான் மாதிரி இருக்கிறது.

ஆகவே இந்த முறை ஒரு விதி: வரைபடம் முடியும்வரை ஒரு செடிகூட வாங்கக் கூடாது.

கட்டத்தாளில் ஓர் அடிக்குக் கால் அங்குலம் என்று வைத்துக்கொண்டேன். முழு இடமும் ஓர் ஏ4 தாளில் அடங்கிவிடுகிறது. கொய்யா மரத்தைச் சரியான இடத்தில் குறிக்க, வீட்டின் இரண்டு மூலைகளிலிருந்தும் அடிமரத்துக்கு டேப் பிடித்தோம். அந்த இரண்டு தூரங்களையும் காம்பஸால் தாளில் வளைத்தால், கோடுகள் வெட்டும் புள்ளியில் மரம். அந்தக் காலத்துக் கணக்கு வாத்தியார் பார்த்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

ஜனவரி 18, ஞாயிறு

வெயில் கணக்கு. காலை எட்டு மணி தொடங்கி இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிழல் விழும் எல்லையைப் படியெடுத்த தாளில் வண்ணப் பென்சிலால் வரைந்தோம். மாலையில் பார்த்தால் எந்த மூலைக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் நேர் வெயில், எந்த மூலைக்கு இரண்டு மணி நேரம்கூட இல்லை என்பது தெளிவாகத் தெரிகிறது. இது இந்த மாதத்துக் கணக்கு மட்டுமே. கடகரேகைக்கும் மகரரேகைக்கும் இடைப்பட்ட ஊர்களில் நண்பகல் சூரியன் சில மாதம் வடக்கே சாயும், சில மாதம் தெற்கே சாயும். இன்று நிழலில் கிடக்கும் சுவரோரம் பாதி ஆண்டு கழித்து வெயிலில் காயலாம். இந்த ரேகைகளுக்கு வெளியே இருப்பவர்களுக்குப் பக்கம் மாறாது, நிழலின் நீளம்தான் பெரிதாக மாறும். எப்படியானாலும் ஒரு நாள் வரைந்த நிழலை நம்பி மரம் வைக்கக் கூடாது.

மண்ணையும் பார்த்தோம். ஓர் அடி ஆழக் குழியில் தண்ணீர் நிரப்பி, அது முழுக்க வடிந்தபின் மறுபடி நிரப்பி, ஒரு மணி நேரத்தில் எத்தனை அங்குலம் இறங்குகிறது என்று அளக்க வேண்டும். ஒன்றிலிருந்து மூன்று அங்குலம் என்றால் பெரும்பாலான செடிகளுக்குச் சௌகரியம். அரை அங்குலம்கூட இறங்காவிட்டால் வேர் அழுகும். எங்கள் மதிலோரம் ஒரு மூலை மட்டும் மந்தம், மற்ற இடம் தேவலாம். கண்ணாடிப் பாட்டிலில் மண்ணும் தண்ணீரும் போட்டுக் குலுக்கி வைத்திருக்கிறேன். மணல் ஒரு நிமிடத்தில் அடியில் உட்கார்ந்துவிட்டது, வண்டல் இரண்டு மணி நேரம் எடுத்துக்கொண்டது. களி நாளைக்குத்தான் தெரியும்.

ஜனவரி 24, சனி

களி அதிகமில்லை. சரி.

பிப்ரவரி 8, ஞாயிறு

யாருக்கு என்ன வேண்டும் என்று எல்லோரையும் உட்காரவைத்துக் கேட்டேன். என் வீட்டுக்காரருக்கு மாலையில் உட்கார ஓர் இடம். அத்தைக்குப் பூச்செடிகளும் தொட்டிகளும். எனக்குத் துணிக்கொடி கண்ணில் படாமல் இருக்க வேண்டும். மகளுக்கு ஊஞ்சல்; கொய்யாக் கிளையில் கட்டுவது வேண்டாம், தனிச் சட்டம் போட்ட ஊஞ்சல்.

ஊஞ்சல்தான் திட்டத்தைப் புரட்டிப் போட்டது. விளையாட்டுத் திடல்களில் பின்பற்றும் அளவு ஒன்று உண்டு: சங்கிலி மாட்டும் உயரம் எவ்வளவோ, அதைப் போல் இரண்டு மடங்கு தூரம் முன்னாலும் பின்னாலும் காலியாக இருக்க வேண்டும். ஏழடி உயரச் சட்டம் என்றால் முன்னால் 14, பின்னால் 14, மொத்தம் 28 அடி.

"ஏம்மா, இவ்வளவு இடத்தைச் சும்மா விட்டுட்டா எப்படி? ரெண்டு வரிசை செடி வைக்கலாமே" என்றார் அத்தை.

"சும்மா இல்லை அத்தை, பிள்ளை ஆடுற இடம்" என்றேன். அதற்குமேல் அவர் பேசவில்லை. பேத்தி விஷயத்தில் அவரை மடக்குவது எளிது.

ஆனால் எனக்கு உள்ளுக்குள் வேறு கணக்கு. தோட்டம் ஒரே தோட்டமாகத் தெரிவதும் தெரியாமல் போவதும் செடியால் இல்லை, செடி இல்லாத இடத்தால்தான் என்று கொஞ்ச நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். நாம் செடிகளை முதலில் வாங்கி ஓரங்களில் வைத்துக்கொண்டே வருகிறோம், மிச்சமாவது தரை. அந்த மிச்சத்துக்கு உருவமே இருக்காது. இங்கே நீண்டு அங்கே சுருங்கி இருக்கும். கண் எங்கேயும் நிலைகொள்ளாது. முதலில் காலி இடத்துக்கு ஒரு தெளிவான வடிவம் கொடுத்துவிட்டால், சுற்றி வரும் செடிகள் அதற்குச் சட்டம் போட்டதுபோல் தாமாகவே ஒழுங்குக்கு வந்துவிடும்.

பிப்ரவரி 15, ஞாயிறு

காலி இடத்துக்கு வடிவம் என்றால் எந்த வடிவம், எவ்வளவு? ஆங்கிலேயத் தோட்ட வடிவமைப்பாளர் ஜான் புரூக்ஸ் (1933–2018) இதற்கு ஒரு வழி வைத்திருந்தார். வீட்டின் தூண், சன்னல், கதவு இவற்றின் இடைவெளியை அளந்து, அதே அளவில் தோட்டம் முழுக்கக் கட்டம் போட வேண்டும். பாதை, பாத்தி, உட்காரும் இடம் எல்லாம் அந்தக் கட்டத்தின் கோடுகளில் தொடங்கி அவற்றிலேயே முடியும். வீட்டின் அளவு வெளியே நீளுவதால் வீடும் தோட்டமும் ஒன்றாகிவிடும்.

எங்கள் பின்தாழ்வாரத் தூண்களின் இடைவெளி ஏழடி. 42 அடியில் ஆறு கட்டம் கச்சிதமாக உட்கார்கிறது. 31 அடியில் நான்கு கட்டம் போக மூன்று அடி மிச்சம்.

இதைப் பார்த்ததும் பாதி வேலை முடிந்துவிட்டது. வீட்டை ஒட்டி ஒரு கட்ட அகலத்துக்குத் தளம், அங்கே நாற்காலிகள். அடுத்த இரண்டு கட்டம் காலி இடம்: 28 அடி நீளம், 14 அடி அகலம். ஊஞ்சல் அதன் நடுவில், வீட்டுக்கு இணையாக ஆடும்படி. அதைத் தாண்டி ஒரு கட்டம் ஆழமான பெரிய பாத்தி. பாத்திக்கும் மதிலுக்கும் நடுவே அந்த மிச்ச மூன்று அடி. அது வேலைப் பாதை: வண்டி உருட்ட, கிளை வெட்ட, மட்குக் குவியலுக்குப் போக. முன்னாலிருந்து பார்த்தால் இருப்பதே தெரியாது. இடப்பக்கம் மிஞ்சும் 14 அடியில் கொய்யா, செப்டிக் டேங்க் மூடி, துணிக்கொடி எல்லாம் அடக்கம், முன்னால் ஒரு தட்டி மறைப்புடன். மூடி திறக்க ஆள் வரவேண்டியிருக்கும், அதனால் அதன்மேல் எதுவும் வேண்டாம். பக்கத்தில் பெரிய மரமும் வேண்டாம்.

வளைவு வேண்டாமா என்று அவர் கேட்டார். இவ்வளவு சின்ன இடத்தில் காரணமில்லாத வளைவு நெளிந்த கோடாகத்தான் தெரியும்.

பிப்ரவரி 21, சனி

இங்கிலாந்தில் ஹம்ப்ரி ரெப்டன் (1752–1818) என்ற நிலத்தோட்டக்காரர், தம்மை அழைத்த பலருக்கும் சிவப்பு அட்டை போட்ட ஒரு கையேடு தயாரித்துக் கொடுப்பார். அதில் நிலத்தின் இப்போதைய தோற்றத்தை ஒரு மடிப்புத் தாளில் வரைந்திருப்பார். தாளைத் தூக்கினால் அடியில் அவர் செய்யப்போகும் மாற்றத்தோடு அதே காட்சி. பார்த்தவர் மனம் மயங்காமல் இருக்குமா?

நான் அதையே மலிவாகச் செய்தேன். சமையலறை சன்னலிலிருந்து ஒரு படம் எடுத்து, பெரிதாக அச்செடுத்து, மேலே டிரேசிங் தாள் ஒட்டி வரைந்தேன். தோட்டத்தை நாம் அதிகம் பார்ப்பது அதற்குள் நின்று இல்லை, சன்னல் வழியாகத்தான். எந்தச் சன்னலில் அதிக நேரம் நிற்கிறோமோ அதற்குத்தான் காட்சி அமைய வேண்டும்.

வரையும்போதுதான் கவனித்தேன், மதிலுக்கு அப்பால் அடுத்த வீட்டு மரத்தின் தலை எங்கள் படத்திலேயே பெரிய அழகு. ஜப்பானியத் தோட்டங்களில் இப்படி வெளியே இருப்பதைக் கடன் வாங்கும் உத்தி பழையது. கியோட்டோவில் என்ட்சூ-ஜி கோயிலின் தோட்டம், வேலிக்கு மேலே ஹியே மலையைத் தன் காட்சியில் சேர்த்துக்கொள்கிறது. எங்களுக்கு மலை இல்லை, மரம் இருக்கிறது. அந்த நேரில் மட்டும் பாத்தியில் உயரமான செடி வைக்காமல் விடுவோம்.

பிற்பகலில் சுண்ணாம்புத் தூளால் தரையில் கோடு போட்டு, மரம் வரும் இடத்தில் மூங்கில், புதர் வரும் இடத்தில் கவிழ்த்த வாளி வைத்தோம். தாளில் அகலமாகத் தெரிந்த நடைபாதை (மதிலோர வேலைப் பாதை இல்லை) தரையில் நெருக்கடி. இருவர் சேர்ந்து நடக்க நான்கடி வேண்டும். ஓரத்துச் செடி சாய்ந்து வரும் என்பதால் இன்னும் ஓர் அடி சேர்த்தோம்.

மார்ச் 8, ஞாயிறு

படிக்கட்டு. தாழ்வாரத்திலிருந்து தரைக்கு ஒன்றரை அடி இறக்கம், இப்போது ஒன்பது அங்குலத்தில் இரண்டு படி. அத்தை ஒவ்வொரு முறையும் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் இறங்குகிறார். 1675-இல் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் பிரான்சுவா புளோந்தெல் சொன்ன கணக்கு இன்றும் புழக்கத்தில் உள்ளது: படியின் உயரத்தை இரட்டித்து, மிதிக்கும் அகலத்தைக் கூட்டினால் ஒரு சாதாரண நடையின் நீளம், சுமார் 65 செ.மீ. வர வேண்டும். அங்குலத்தில் இருபத்தைந்தரை. வெளியே கொஞ்சம் தாராளமாக வைக்கலாம் என்று ஆறு அங்குல உயரம், 14 அங்குல அகலம் எடுத்துக்கொண்டோம்.

தளத்துக்கு வாட்டம் 50-க்கு 1. ஏழடிக்கு ஏறக்குறைய ஒன்றே முக்கால் அங்குலம், வீட்டிலிருந்து வெளிப்பக்கமாக. வீட்டைப் பார்த்து வாட்டம் போட்டால் மழைத் தண்ணீர் அஸ்திவாரத்துக்குத்தான் போகும்.

தளத்துக்குத் தாழ்வாரத்தில் உள்ள அதே கல். பாதைக்கு, பாத்தி விளிம்புக்குச் செங்கல். அவ்வளவுதான், மூன்றாவது பொருள் கிடையாது. கூழாங்கல், வண்ண ஓடு, மரப்பலகை என்று கடையில் ஆசை காட்டுவார்கள். ஒவ்வொன்றும் நல்லதுதான், இங்கே இடமில்லை.

மார்ச் 14, சனி

இப்போதுதான் செடி. இரவு முழுவதும் இதே யோசனை.

பாத்தியின் எலும்பு நந்தியாவட்டை: ஆண்டு முழுவதும் இலை உதிராது, கரும்பச்சை, வெள்ளைப் பூ. மூன்று இடங்களில் அதுவே வரும். திரும்பத் திரும்ப வரும் செடிதான் பார்வையைக் கோத்துக்கொண்டு போகிறது. இடையில் வெட்சி, ஒவ்வொரு கூட்டமாக மூன்று, ஐந்து என்று. இடைவெளிக்கு, வளர்ந்தபின் வரும் அகலங்கள் இரண்டையும் கூட்டிப் பாதியாக்க வேண்டும். ஆறடி விரியும் நந்தியாவட்டைக்கும் நாலடி விரியும் வெட்சிக்கும் நடுவே ஐந்தடி. முதல் வருடம் மொட்டையாகத் தெரியும். அந்த இடைவெளியில் ஒரு பருவத்துப் பூச்செடிகள் தூவிக்கொள்ளலாம்.

நிறத்துக்கு வழிகாட்டி, ஆங்கிலேயத் தோட்ட வடிவமைப்பாளர் ஜெர்ட்ரூட் ஜீக்கில் (1843–1932). ஓவியம் படித்தவர், கண்பார்வை மங்கிக்கொண்டே போனவர். மன்ஸ்டெட் வுட் என்ற தம் வீட்டில் போட்ட நீளப் பாத்தியில் இரு முனைகளிலும் சாம்பல், நீலம், வெள்ளை என்று குளிர்ந்த நிறங்களில் தொடங்கி, நடுவில் ஆரஞ்சு, சிவப்பு என்று சூடேற்றினார். சூடான நிறம் நம்மை நோக்கி வரும், குளிர்ந்த நிறம் விலகிப் போகும். எங்கள் 31 அடியில் இதைப் பயன்படுத்தலாம்: மதிலோரம் வெள்ளையும் நீல ப்ளம்பாகோவும் வைத்தால் மதில் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனதுபோல் இருக்கும். மதிலில் ஏற்றலாம் என்றிருந்த ராணிக்கலர் காகிதப்பூ படிக்கட்டுப் பக்கம் வந்துவிட்டது.

அது தண்ணீர் கணக்குக்கும் சரி. காகிதப்பூ வெயிலில், கொஞ்சம் காயவிட்டால்தான் நன்றாகப் பூக்கும். கல்வாழையும் சேம்பும் ஈரம் கேட்பவை. அவற்றை அந்த மந்தமான மூலைக்கு அனுப்பிவிட்டேன். இரண்டையும் ஒரே குழாயில் வைத்தால் ஒன்று வாடும், அல்லது மற்றது அழுகும்.

மார்ச் 29, ஞாயிறு

தொட்டிப் பிரச்சினை. அத்தையின் தொட்டிகளில் பாதி பெயின்ட் டப்பாக்கள். "எறிஞ்சுடச் சொல்றியா?" என்றார். இல்லை. எல்லாவற்றையும் கொய்யாவுக்குப் பக்கத்தில் செங்கல் மேடை கட்டி மூன்று தட்டாக அடுக்குவதாக ஒப்பந்தம். டப்பாக்களுக்கு ஒரே மண்நிறம் அடிப்போம். நிறம் நானே அடிக்கிறேன், செடியைத் தொடக் கூடாது என்பது அவர் தரப்பு நிபந்தனை. குரோட்டன்ஸ் மட்டும் வெயில் படும் தட்டுக்கு. வெளிச்சம் குறைந்தால் அதன் இலை வெறும் பச்சையாகிவிடும்.

தோட்டத்துக்கு ஒரு 'தீம்' வேண்டும் என்று பலரும் சொல்கிறார்கள். புத்தர் சிலை, பாலம், விளக்குத்தூண். எங்களுக்கு ஏழடிக் கட்டமும் இரண்டு பொருளும் போதும்.

ஏப்ரல் 5, ஞாயிறு

வேலை வரிசை எழுதி முடித்தேன். முதலில் தண்ணீர், மின்சாரக் குழாய்கள். பிறகு மண்மட்டம், படி, தளம், பாதை. மரம், புதர், கடைசியில் தரைச்செடி. மேலே மூடாக்கு (மண்ணை மூடும் காய்ந்த சருகு) இரண்டு மூன்று அங்குலம், தண்டைத் தொடாமல். ஊஞ்சலுக்கு அடியில் புல் எப்படியும் தங்காது, ஆகவே அந்த நீளத்துக்கு மணல்.

கொத்தனார் நாளை வருகிறார். பாதை போடுவதற்கு முன்னால் அதன் குறுக்கே வெற்றுப் பிளாஸ்டிக் குழாய் இரண்டு புதைத்து, நுனிகளை மூடிவைக்கச் சொல்ல வேண்டும். பின்னால் சொட்டுநீர்க் குழாயோ விளக்கு வயரோ கொண்டுபோக நினைத்தால் செங்கல்லைப் பெயர்க்க வேண்டியிருக்காது. எந்த இடத்தில் புதைத்தோம் என்பதை வரைபடத்தில் சிவப்பு மையில் குறித்தாயிற்று.