பழைய படத்தைப் பழையபடியே விடுங்கள்

1977-ல் தியேட்டரில் ஓடிய ஸ்டார் வார்ஸை அப்படியே பார்க்க ஆசைப்பட்டவர்களுக்கு, 1997-ல் கிராபிக்ஸ் சேர்த்துத் திருத்திய பதிப்புதான் வெகுகாலம் கிடைத்தது. 2006-ல் டிவிடியோடு பழைய வடிவத்தையும் கொடுத்தார்கள், சரி, ஆனால் அது 1993-ல் லேசர்டிஸ்க் என்ற பழைய வீடியோ தட்டுக்காகத் தயாரித்த மூலப் பிரதி (மாஸ்டர்); பெரிய திரையில் போட்டால் கண் வலிக்கும்.

அப்புறம் ரசிகர்களே இறங்கிவிட்டார்கள். 4கே77 என்ற பெயரில் தியேட்டருக்குப் போன பழைய 35 மிமீ ஃபிலிம் பிரிண்டை ஸ்கேன் செய்து, கீறலையும் தூசியையும் துடைத்தார்கள். விநாடிக்கு 24 ஃபிரேம், இரண்டு மணி நேரப் படம் என்றால் 1,72,800 ஃபிரேம், சம்பளம் கிடையாது! நிறம்தான் பெரிய தலைவலி. அந்தக் காலத்து ஈஸ்ட்மேன் வகைக் கலர் ஃபிலிம் பிரிண்டுகளில் சயான் (பச்சை கலந்த நீலம்) சாயம் முதலில் வெளிறிப் போவதால் வானம், முகம், சுவர் எல்லாமே இளஞ்சிவப்பாகிவிடும்; சாயத்தை ஃபிலிமில் அச்சிடும் டெக்னிகலர் முறைப் பிரிண்ட் ஒன்று அகப்பட்டால் அதன் நிறம் பெரும்பாலும் அப்படியே இருக்கும், அதை வைத்து மற்றதைச் சரிபார்க்கலாம்.

அதிகாரபூர்வ ப்ளூரேக்கள் சிலவற்றில் ஃபிலிமுக்கே இயல்பான பொடிப் பொடிப் புள்ளிகளை (கிரெய்ன்) 'இரைச்சல்' என்று வழித்தெடுத்து நடிகர்களை மெழுகு பொம்மை ஆக்கிவிடுகிறார்கள். அதைவிட ஓரத்தில் ஒரு கீறல் ஓடும் ரசிகர் பதிப்பு எனக்கு எவ்வளவோ மேல். காப்புரிமைச் சிக்கல் உண்டுதான், மறுக்கவில்லை.

காட்சிகளை வெட்டி ஒட்டிப் புதுப் படமாக்கும் ரசிகர் எடிட் வேறு சங்கதி. ரசித்துப் பார்ப்பேன், ஆனால் எதை வெட்டினோம், எதைச் சேர்த்தோம் என்று கோப்போடு எழுதி வைக்காதவர்கள் மேல் கோபம்தான் வரும்.