‘அனுமதி இல்லை’ என்று எழுதியது நான்தான்

ஏப்ரலில் ஒரு புதன்கிழமை காலை, குக்கர் மூன்றாவது விசில் அடிக்கும் நேரத்தில் மாமாவிடமிருந்து போன்.

“கண்ணு, நேத்து ராத்திரி இங்க கொட்டித் தீத்திருச்சு. உன் பொட்டி மட்டும் ‘அனுமதி இல்லை’ன்னு நிக்குது. மழைக்கு நான் யாருகிட்ட அனுமதி வாங்கறது?”

மாமா என்றால் அம்மாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி. ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் அவருக்குச் சின்னதாக ஒரு காபித் தோட்டம். பொங்கல் முடிந்து பழம் பறிப்பு ஓய்ந்த சமயம், நான்தான் வலியப் போய் அங்கே ஒரு மழைமானியைப் பொருத்திக் கொடுத்தேன். உள்ளே ஊஞ்சல் மாதிரி ஒரு குட்டிப் பக்கெட். தண்ணீர் நிறைந்தால் ஒரு பக்கம் சாய்ந்து கொட்டும். ஒவ்வொரு சாய்வுக்கும் 0.2794 மில்லிமீட்டர். அதை எண்ணுவதற்கு ராஸ்பெர்ரி பை என்கிற ஒரு குட்டிக் கணினி. எண்ணியதை மாதத்துக்கு ஒரு கோப்பாக, மணிக்கு ஒருமுறை, அமேசானின் எஸ்3 என்கிற இணையச் சேமிப்புக் கிடங்கில், மும்பை ரீஜனில், நான் திறந்து வைத்த பக்கெட்டுக்கு (அங்கே கோப்புகளைப் போட்டு வைக்கும் இடத்துக்கு அதுதான் பெயர்) அனுப்பும். மாமா போனில் ஒரு பக்கத்தைத் திறந்து பார்த்துக்கொள்வார். “மழை விழுகிறதும் பக்கெட்டு, போய்ச் சேர்றதும் பக்கெட்டா?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தார் அன்றைக்கு.

இது விளையாட்டுக்குச் செய்ததும் இல்லை. காபிச் செடியின் மொட்டெல்லாம் வெயிலில் காய்ந்து காத்துக்கொண்டிருக்கும். கோடை மழை ஓர் அங்குலம் போல விழுந்துவிட்டால், எட்டுப் பத்து நாளில் தோட்டம் முழுக்க வெள்ளை வெளேரென்று பூத்து மல்லிகை வாசம் அடிக்கும். மழை பத்தவில்லை என்றால் மோட்டாரைப் போட்டு ஸ்பிரிங்ளரில் தண்ணீர் விட வேண்டும். அதனால் எவ்வளவு பெய்தது என்பது அவருக்குப் பணக் கணக்கு. தோட்டக்காரர்கள் மில்லிமீட்டரில் பேச மாட்டார்கள். அங்குலம், சென்ட். நூறு சென்ட் ஓர் அங்குலம். ஆக என் பக்கெட்டின் ஒரு சாய்வு 1.1 சென்ட்.

சரி, ‘அனுமதி இல்லை’ விஷயத்துக்கு வருகிறேன்.

அது இரண்டாவது தடவை. முதல் தடவை பிப்ரவரி 1-ஆம் தேதி. மாமா போனில் பக்கத்தைத் திறந்தால் 403, அதாவது அனுமதி மறுப்பைச் சொல்லும் பிழை எண். நேற்று வரை வந்துகொண்டிருந்தது. நான் உடனே, யாருக்கு என்ன உரிமை என்று அமேசானில் எழுதி வைக்கும் ஐ.ஏ.எம். பாலிசியைத் திறந்து உட்கார்ந்துவிட்டேன். பாலிசியில் எல்லாரும் ஒருமுறையாவது சறுக்கும் இடம் ஒன்று உண்டு: பக்கெட்டின் பெயரை மட்டும் எழுதினால் அது பக்கெட்டைக் குறிக்கும், பெயருக்குப் பின்னால் /* போட்டால்தான் உள்ளே இருக்கும் கோப்புகளைக் குறிக்கும். பட்டியல் பார்க்கும் உரிமை முதலாவதற்கு, படிக்கவும் எழுதவும் இரண்டாவதற்கு. தோட்டத்துக் கேட்டுச் சாவியும் ஸ்டோர் ரூம் சாவியும் வேறு வேறு என்கிற மாதிரி. அதையே நாலு தடவை சரிபார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

இரண்டு மணி நேரம் போன பிறகுதான் உறைத்தது. பிப்ரவரியில் இன்னும் மழையே பெய்யவில்லை. மழை பெய்யாததால் பிப்ரவரிக் கோப்பே உருவாகவில்லை. இல்லாத கோப்பைக் கேட்டால் ‘அப்படி எதுவும் இல்லை’ என்கிற 404 அல்லவா வர வேண்டும்? வராது. பட்டியல் பார்க்கும் உரிமை உங்களிடம் இல்லையென்றால், கோப்பு இல்லை என்கிற தகவலைக்கூட எஸ்3 உங்களுக்குச் சொல்லாது. 403 என்றே சொல்லும். திட்டமிட்டே அப்படி வைத்திருக்கிறார்கள், ஆவணத்திலும் எழுதியிருக்கிறது. கேட்டில் நிற்கும் வாட்ச்மேன் “அவரு உள்ள இல்லைங்க” என்று சொன்னால் அதுவும் ஒரு தகவல்தானே. “யாருக்கும் எதுவும் சொல்ல முடியாதுங்க” என்பதுதான் அவருடைய வேலை. மாமா பார்க்கும் பக்கம் எஸ்3-ஐத் திறக்கும் கீக்கு, அதாவது சாவிக்கு, நான் படிக்கும் உரிமை மட்டும் கொடுத்திருந்தேன். பட்டியல் உரிமையையும் சேர்த்ததும் 404 வந்தது. அதை ‘இந்த மாதம் இன்னும் மழை இல்லை’ என்று மாற்றிக் காட்டினேன். மாமாவுக்குத் திருப்தி.

திருப்தி என்று நான் நினைத்ததுதான் தப்பு. தமிழில் ஒரு வரி காட்டினால் அவருக்குப் புரிகிறதே என்ற உற்சாகத்தில், பெட்டியில் ஒட்டியிருந்த சின்னத் திரைக்கும் அதையே செய்து வைத்தேன். அனுப்பும்போது எந்தப் பிழை வந்தாலும், எண் 403 என்றால் ‘அனுமதி இல்லை’. அவ்வளவுதான். கூடவே வரும் பிழைப் பெயர், விளக்க வரி, அந்தக் கோரிக்கையின் அடையாளமான ரிக்வெஸ்ட் ஐ.டி. எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டேன். லாக் கோப்பிலும் அதே இரண்டு சொல்தான் போகும். அழகாக இருந்தது.

ஏப்ரல் மழைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அடித்த காற்றில் மரம் சாய்ந்து லைன் அறுந்துவிட்டது. இன்வெர்ட்டர் இரவு பதினொரு மணி வரை தாங்கியிருக்கிறது. செவ்வாய் சாயங்காலம்தான் கரண்ட் வந்தது. பெட்டி தானாக எழுந்தது, இன்டர்நெட் வந்தது, அன்று இரவு மழையும் வந்தது. அனுப்பப் போனால் 403.

புதன்கிழமை முழுக்க நான் சேலத்தில் அஸ்தம்பட்டி வீட்டில் உட்கார்ந்து செய்ததை எழுதவே கூச்சமாக இருக்கிறது. பாலிசியைப் படித்தேன். மாற்றினேன். ஐ.ஏ.எம்.மில் மாற்றியது எல்லா இடத்துக்கும் பரவக் கொஞ்ச நேரம் ஆகும் என்பதால் டீ போட்டுக் குடித்துக் காத்திருந்தேன். கணக்கில் யார் என்ன செய்தார்கள் என்று பதியும் கிளவுட்டிரெயிலில் தேடினேன், மறுக்கப்பட்ட ஒரு வரிகூட இல்லை. ‘அப்போ ரிக்வெஸ்ட் போய்ச் சேரவே இல்லையோ’ என்று ரௌட்டரைச் சந்தேகப்பட்டேன். எஸ்3-ல் கோப்பு அளவில் நடப்பதைக் கிளவுட்டிரெயில் தானாகப் பதிவதில்லை, டேட்டா ஈவென்ட் என்று தனியாக இயக்கினால்தான் பதியும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் பதற்றத்தில் தெரிந்தது எது ஞாபகத்துக்கு வருகிறது? கடைசியில், யாரிடமும் சொல்லாதீர்கள், பெட்டியின் யூசருக்கு முழு அட்மின் உரிமையையே கொடுத்துப் பார்த்தேன். மாமாவிடம் கேட்டேன்.

“இப்ப என்ன காட்டுது மாமா?”

“அதேதான் கண்ணு. அனுமதி இல்லை.”

அங்கேயே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். சகல அதிகாரமும் கொடுத்த பிறகும் அனுமதி இல்லை என்றால், கோளாறு அனுமதியில் இல்லை. அட்மினைப் பிடுங்கிவிட்டுத் தூங்கப் போனேன். மறுநாள் காலை மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு ஸ்கூட்டரில் கோரிமேடு, அடிவாரம் வழியாக மலை ஏறினேன். கொண்டை ஊசி வளைவு மொத்தம் இருபது, ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகை. பதினாலாவதில் காது அடைத்தது. ஒரு 403-க்காகக் கடல் மட்டத்திலிருந்து ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் உயரத்துக்கு ஏறுகிற ஆள் தமிழ்நாட்டில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

பழம் உடைக்கும் கொட்டகையில் லேப்டாப்பைப் பெட்டியோடு இணைத்து, என் ஸ்கிரிப்டைத் தொடாமல், அமேசானின் ஏ.டபிள்யூ.எஸ். கட்டளையை நேராக அடித்தேன். ஒரே வரியில் பதில்: ரிக்வெஸ்ட் டைம் டூ ஸ்க்யூட். நீ சொல்லும் நேரத்துக்கும் இப்போதைய நேரத்துக்கும் வித்தியாசம் ரொம்ப அதிகம் என்று விளக்கமும் இருந்தது. அதாவது பதில் முதல் நாளிலிருந்தே தெளிவாக வந்துகொண்டிருந்தது. என் இரண்டு சொல் அதை மூடி வைத்திருந்தது.

பெட்டியில் நேரம் பார்த்தேன். செவ்வாய் மாலை 4:38. என் கையில் வியாழன் காலை 11:20.

எஸ்3-க்குப் போகும் ஒவ்வொரு கோரிக்கையிலும் நேரத்தையும் சேர்த்துத்தான் கையெழுத்துப் போடுவார்கள். பழைய கோரிக்கையை யாராவது எடுத்து மறுபடி அனுப்பி ஏமாற்றக் கூடாது என்பதற்காக, பதினைந்து நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் தள்ளிவிடும். அதற்கும் எண் 403தான். கீயை ஒட்டும்போது ஓர் எழுத்து விட்டுப் போனாலும் 403. கீயே தப்பு என்றாலும் 403. உண்மையிலேயே உரிமை இல்லை என்றாலும் 403. எண் ஒன்றுதான், பிழைப் பெயர்தான் வேறு வேறு. நான் எண்ணை வைத்துக்கொண்டு பெயரை எறிந்திருந்தேன்.

மாமாவிடம் இருக்கும் அந்தப் பை மாடலில் பேட்டரி போட்ட கடிகாரம் கிடையாது. கரண்ட் போனால் கடைசியாகக் கார்டில் எழுதி வைத்த நேரத்திலிருந்து தொடங்கும். நெட் வந்ததும் நேர சர்வரைக் கேட்டுச் சரிசெய்துகொள்ளும். இங்கே ஏன் சரிசெய்யவில்லை? அமைப்புகளை எழுதி வைத்த கான்ஃபிக் கோப்பைத் திறந்தால், நேர சர்வர் என்ற இடத்தில் என் பழைய வேலையிடத்தின் உள் நெட்வொர்க் முகவரி. ஆறு வருடத்துக்கு முன் எழுதிய கோப்பைச் சோம்பேறித்தனத்தில் அப்படியே நகலெடுத்திருக்கிறேன். பொருத்திய அன்று நேரம் தப்பாக இருந்ததும், அதைக் கையால் திருத்தியதும்கூட ஞாபகம் வந்தது. ஏன் தப்பாக இருக்கிறது என்று அன்றைக்கு ஒரு நிமிடம் யோசிக்கவில்லை.

ஒரு விதத்தில் எஸ்3 தள்ளிவிட்டதே நல்லது. ஏற்றுக்கொண்டிருந்தால் செவ்வாய் இரவு மழை திங்கள் விடிகாலைக் கணக்கில் ஏறியிருக்கும். பூ வரும் நாளை எண்ணிக்கொண்டிருக்கிற மனிதருக்கு அது சின்னப் பிழை இல்லை.

சர்வர் முகவரியை மாற்றினேன், நேரம் உடனே ஏறிக்கொண்டது. கார்டில் தங்கியிருந்த வரிகளில் 42 மணி 42 நிமிடத்தைக் கூட்டி அனுப்பினேன். 99 சாய்வு. ஓர் அங்குலம் ஒன்பது சென்ட். மாமா வாசலுக்குக் கூட்டிப் போய், புனலும் அளவுக் கண்ணாடியுமாக அவருடைய அப்பா காலத்திலிருந்து நிற்கும் மழைமானியையும், அதன் நோட்டையும் காட்டினார். புதன் காலை அவர் கைப்பட எழுதியது: 1 அங்குலம் 12 சென்ட். “பரவால்ல, மூணு சென்ட் குடிச்சிருக்கு உன் பொட்டி” என்றார். மோட்டார் போட வேண்டாம் என்று புதன்கிழமையே முடிவு செய்துவிட்டாராம். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்றால், “நீ மும்முரமா இருந்த, கெடுப்பானேன்னு விட்டுட்டேன்.”

திரையை அங்கேயே உட்கார்ந்து மாற்றினேன். இப்போது மேல் வரியில் பெட்டியின் நேரம் பெரிதாக. நடுவில் எண்ணும் பிழைப் பெயரும், வந்தது வந்தபடி. கீழே பொடி எழுத்தில் ரிக்வெஸ்ட் ஐ.டி. பெயரை ஆங்கிலத்தில் விட்டால் மாமாவுக்கு எப்படி என்று தயங்கினேன். “எழுத்துக் கூட்டிப் படிச்சுச் சொல்றேன், உனக்குத் தெரிஞ்சாப் போதாதா?” என்றார். கடிகாரச் சில்லு ஒன்றும் ஆர்டர் போட்டிருக்கிறேன், நாணய பேட்டரி போடுவது. வந்ததும் மறுபடி மலை ஏற வேண்டும்.

அது வருவதற்குள் மே மாதத்தில் ஒரு நாள் சாயங்காலம் மறுபடி கரண்ட் போய் வந்தது. பூவெல்லாம் உதிர்ந்து பிஞ்சு பிடித்திருந்த சமயம். ஏழு மணிக்குப் போன் வந்தது.

“கண்ணு, உன் பொட்டி மணி நாலே முக்கால்ங்குது. எங்க ஹால்ல மாட்டியிருக்கறதுல ஏழு. நெட்டும் இன்னும் வரல. கொஞ்ச நேரம் பாத்துட்டுக் கூப்பிடட்டுமா?”

பார்த்துட்டுக் கூப்பிடுங்க மாமா என்றேன். அவர் கூப்பிடவே இல்லை. ஏழே காலுக்கு என் போனில் பக்கத்தைத் திறந்தேன். எட்டு சென்ட் வந்திருந்தது.