குறை கண்டுபிடிக்க ஒரு டிக்கெட்

2022 செப்டம்பர் 30, ‘பொன்னியின் செல்வன்’ முதல் பாகம், காலைக் காட்சி. பக்கத்து சீட்டில் அத்தை. படத்துக்கு மூலமான, 1950களில் ‘கல்கி’ இதழில் வந்த தொடரை பாட்டி கிழித்துத் தைத்த பைண்டிங் இன்னும் அத்தை வீட்டுப் பரணில் இருக்கிறது. மணியம் வரைந்த குந்தவையின் மூக்கை மட்டும் கரையான் தின்றுவிட்டது.

படம் முழுக்க, “ஆழ்வார்க்கடியான் இப்படியாடா பேசுவான்?” என்று முணுமுணுப்பு. ஆனால் மறுவாரமே, “இன்னொரு தடவை கூட்டிட்டுப் போ” என்றார். வசூல் 400 கோடியைத் தாண்டியதில் இந்தக் குறைசொல்லிகளுக்கும் பங்குண்டு என்பேன். கதை தெரிந்தவர்கள் சும்மா இருப்பார்களா? சரிபார்க்கவே வந்தார்கள்.

2023இல் வந்த இரண்டாம் பாகத்தின் வசூல் முதல் பாகத்தை எட்டவில்லை. அத்தைக்கு அதில் ஆச்சரியமே இல்லை. நாவலின் முடிவில் அரியணை ஏறுபவன் சேந்தன் அமுதன். “சேந்தன் அமுதனுக்குப் பட்டம் கட்டலையே!” என்று படத்தின் மேல் இன்றும் கோபம்.