ரேம் விலையும் மலைமேல் உள்ள வீட்டுக் கணினிகளும்

கணினி உதிரிபாகம் என்றால் நாள் செல்லச் செல்ல விலை குறையும் என்று பார்த்துப் பழகியவர்கள் நாம். 2025-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ரேம் என்ற கணினியின் தற்காலிக நினைவகத்தின் விஷயத்தில் அது தலைகீழானது. இங்கே கோத்தகிரியில் 16 ஜிபி ரேமுக்கு விலை கேட்டால், "இது இன்றைய விலை சார், கோயம்புத்தூரிலிருந்து சரக்கு ஏறி வரும்போது என்ன விலையோ, அதுதான் கணக்கு" என்கிறார் கடைக்காரர். அவரைக் குறை சொல்வதில் நியாயம் இல்லை.

ரேமுக்கு அடிப்படையான டிராம் சில்லுகளில் உலக அளவில் பெரும்பகுதியைச் சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் ஆகிய மூன்றே நிறுவனங்கள் தயாரிக்கின்றன. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களுக்கு வேண்டிய எச்பிஎம் என்ற உயர்வேக நினைவகத்துக்கு மிக நல்ல விலை கிடைப்பதால், அவை தங்கள் உற்பத்தியை அந்தப் பக்கம் திருப்பிவிட்டன. அதே கொள்ளளவுக்கு எச்பிஎம், இன்றைய புதுக் கணினிகளில் வரும் டிடிஆர்5 வகை ரேமைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு சிலிக்கான் தகட்டை எடுத்துக்கொள்கிறது. ஆகவே அங்கே ஒரு பங்கு கூடினால் நமக்கு வரவேண்டியதில் மூன்று பங்கு குறைகிறது. வீட்டுக் கணினி வைத்திருப்போர் நன்கறிந்த க்ரூஷியல் என்ற நுகர்வோர் வணிகத்தையே கைவிடுவதாக மைக்ரான் 2025 டிசம்பரில் அறிவித்தது.

விலையேற்றம் புதிதல்ல. 1993-இல் ஜப்பானின் நீஹாமாவில், சில்லுகளை மூடும் பிசினைத் தயாரித்த சுமிட்டோமோ ஆலையில் வெடிவிபத்து ஏற்பட்டபோதும் ரேம் விலை தாவியது. ஆனால் அது விபத்து; ஆலை மீண்டதும் சரியாகிவிடும் என்று காத்திருக்க முடிந்தது. இப்போது நடப்பது தெரிந்தே எடுத்த வணிக முடிவு, அதில் வீட்டுப் பயனர் வரிசையின் கடைசியில் நிறுத்தப்பட்டிருக்கிறார் என்பதுதான் என் ஆதங்கம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்து, பழைய கணினியை மாற்றவோ மேம்படுத்தவோ பலர் நினைத்த அதே வேளையில் இது வந்திருப்பது, பிள்ளைகளின் படிப்புக்காக ஒரே கணினியை வைத்துக்கொண்டிருக்கும் குடும்பங்களுக்குப் பெரும் சுமை.

எனவே, வாங்குவதற்கு முன் விண்டோஸிலேயே உள்ள டாஸ்க் மேனேஜரைத் திறந்து, வழக்கமான வேலைகளின்போது நினைவகம் உண்மையிலேயே நிரம்புகிறதா என்று பாருங்கள். பல வீடுகளில் வேகத்தைக் குறைப்பது ரேம் அல்ல, பழைய ஹார்டு டிஸ்க்தான். கணினி பீப் ஒலியோடு நின்று திரையில் ஒன்றும் வராவிட்டால், ரேம் போய்விட்டது என்று உடனே முடிவுகட்டிவிடாதீர்கள். நம் மலைக் குளிரிலும் மூடுபனி ஈரத்திலும் ரேமின் தங்கநிறப் பற்களில் மங்கலான படலம் படிவதுண்டு. மின்இணைப்பைத் துண்டித்து, ரேமைக் கழற்றி, பென்சில் அழிப்பானால் அந்தப் பற்களை மெதுவாகத் தேய்த்து, துகள்களை நன்றாகத் துடைத்துவிட்டு, இருபுறத் தாழ்ப்பாளும் "க்ளிக்" என்று விழும்வரை அழுத்திப் பொருத்தினால், புதிது வாங்கும் செலவே பல நேரம் மிச்சமாகிவிடும்.

வாங்கியே தீரவேண்டும் என்றால், பிறர் பயன்படுத்தி விற்கும் பழைய ரேமையும் ஒதுக்க வேண்டாம். முந்தைய தலைமுறையான டிடிஆர்4-க்கும் டிடிஆர்5-க்கும் பற்களின் நடுவே உள்ள வெட்டு வேறிடத்தில் இருப்பதால் ஒன்றின் இடத்தில் மற்றொன்று பொருந்தாது. ஆகவே உங்கள் மதர்போர்டு எதை ஏற்கும் என்பதை முதலில் உறுதிசெய்யுங்கள். பிறகு, விற்பவரிடம் மாற்றித்தர ஒப்புதல் வாங்கிக்கொண்டு, ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 என்ற மென்பொருளை இரவு முழுவதும் ஓடவிட்டுப் பாருங்கள். அதில் ஒரே ஒரு பிழை காட்டினாலும் அந்த ரேமைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.