பிக்கப்பில் பூஸ்டரைக் கழற்றி மேனுவல் பிரேக் போட்ட அனுபவம்

எங்களிடம் இருப்பது ஜீப் சேஸிஸில் பாடி கட்டிய பழைய பிக்கப். நீடாமங்கலம் பக்கம் களத்திலிருந்து கொள்முதல் நிலையத்துக்கு நெல் மூட்டை ஏற்ற, உரம், விதை எடுத்துவர என்று வருடம் முழுக்க அதற்கு வேலை உண்டு. எங்கள் கைக்கு வரும் முன்பே அதில் நிறைய மாற்றியிருந்தார்கள். இஞ்சின் வேறு டீசல் இஞ்சின், அதை ஆர்.சி.யில் முறையாக ஏற்றியிருந்தார்கள். முன்பக்கம் டிரம் பிரேக்குக்குப் பதில் டிஸ்க் பிரேக்; பின்பக்கம் பழைய டிரம்தான். டிஸ்க் போட்டதால் அதற்குத் துணையாக ஒரு வேக்யூம் பூஸ்டர், அதாவது வேக்யூம் (காற்றை உறிஞ்சி எடுத்த வெற்றிடம்) உதவியால் பெடல் மிதிக்குக் கூடுதல் விசை சேர்க்கும் வட்ட டப்பா.

தொல்லையெல்லாம் அந்தப் பூஸ்டரை ஒட்டித்தான். பெட்ரோல் இஞ்சினில் த்ராட்டில் என்கிற மூடி காற்றை அடைப்பதால், காற்று உள்ளே போகும் இன்டேக் குழாயிலேயே வேக்யூம் கிடைத்துவிடும். டீசலில் அது கிடையாது, தனியாக வேக்யூம் பம்ப் வேண்டும். பெரும்பாலும் பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரின் முதுகிலேயே அது இருக்கும். இஞ்சின் மாற்றியவர்கள் ஆல்டர்னேட்டருக்குச் செய்த பிராக்கெட் சரியில்லை, பெல்ட் நேராக ஓடவில்லை. பேரிங் போகும், சீல் போகும், பம்புக்குப் போகிற இஞ்சின் ஆயில் ஆல்டர்னேட்டருக்குள் இறங்கும். ஒரு சம்பா அறுவடையில் லோடோடு பாமணியாற்றுப் பாலத்திலிருந்து இறங்கும்போது வேக்யூம் ஹோஸ் வெடித்து, பெடல் கல்லாகிவிட்டது. கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து நிறுத்தினேன். பூஸ்டரே வேண்டாம் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

மன்னார்குடியில் வழக்கமாகப் பார்க்கும் மெக்கானிக் அண்ணனிடம் சொன்னேன். “தம்பி, பூஸ்டரைத் தூக்கிப் போடறது சின்ன வேலை. அதுக்கப்புறம் வண்டி நிக்கணும்ல, அதுதான் வேலை” என்றார். இதில் இறங்க நினைக்கிற எல்லோரும் அவர் சொன்னதை முதலில் மனதில் வைக்க வேண்டும். பூஸ்டரைக் கழற்றிவிட்டு அதே மாஸ்டர் சிலிண்டரை (மிதியை ஆயில் அழுத்தமாக மாற்றிச் சக்கரங்களுக்கு அனுப்பும் உருளை) அதே பெடலில் மாட்டினால் வண்டி சரியாக நிற்காது. ஏன் என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் தெரியும்.

பெடல் மேலே தொங்கி ஆடும் அச்சான பிவட்டிலிருந்து கால் வைக்கும் இடம் 12 அங்குலம், மாஸ்டரைத் தள்ளும் கம்பியான புஷ் ராடை மாட்டும் பின் (pin) 3 அங்குலம். அதாவது ஒன்றுக்கு நான்கு. காலால் 40 கிலோ அழுத்தினால் ராடில் 160 கிலோ. 9 அங்குலப் பூஸ்டர் நல்ல வேக்யூமில் தன் பங்குக்குக் கிட்டத்தட்ட 280 கிலோ தள்ளும். மொத்தம் 440. மாஸ்டர் சிலிண்டர் 1 அங்குல போர் (உள்விட்டம்), பரப்பு 5.07 சதுர செ.மீ. லைனில் ஒரு சதுர செ.மீ.க்குச் சுமார் 87 கிலோ அழுத்தம். பூஸ்டர் இல்லாவிட்டால் அது 32 கிலோதான். பாதிகூட இல்லை. அதோடு டிரம்மில், உள்ளிருந்து விரிந்து பிடிக்கும் இரண்டு ஷூக்களில் முன் ஷூ சுழற்சியோடு தானே இறுக்கிக்கொள்ளும். டிஸ்க்குக்கு அந்த உதவி கிடையாது, அழுத்தம் கொடுத்தால்தான் பிடிக்கும்.

மாற்றக்கூடியது இரண்டு. ஒன்று பெடல் விகிதம். பின்னை பிவட்டிலிருந்து 2 அங்குலத்துக்கு ஏற்றினால் ஒன்றுக்கு ஆறு. இன்னொன்று மாஸ்டரின் போர். 7/8 அங்குலமாகக் குறைத்தால் பரப்பு 3.88. இப்போது அதே 40 கிலோவுக்கு 62 கிலோ அழுத்தம் கிடைக்கிறது. பழைய 87 வேண்டுமென்றால் 56 கிலோ மிதிக்க வேண்டும். அவசரத்தில் ஒரு ஆள் மிதிக்கக்கூடிய அளவுதான்.

அப்படியானால் 3/4 அங்குல மாஸ்டர் போட்டு 84 கிலோ வாங்கிவிடலாமே என்று கடைக்காரர் சொன்னார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. அழுத்தம் கூடுகிற அளவுக்குப் பெடல் கீழே இறங்கும், இந்தக் கணக்கில் இலவசம் எதுவும் இல்லை. 7/8 போட்டாலே அதே அளவு ஆயிலைத் தள்ள பெடல் முன்பைவிட இரண்டு மடங்கு இறங்க வேண்டும். 3/4 போட்டால் அது இரண்டரை மடங்கைத் தாண்டும். பின் சக்கர டிரம்மின் ஷூ கொஞ்சம் தேய்ந்தாலே பெடல் தரையைத் தொட்டுவிடும்.

கை வைப்பதற்கு முன் மோட்டார் வாகன ஆய்வாளரிடம் விஷயத்தைச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு வண்டியில் செய்யும் மாற்றங்களைப் பற்றிக் கறாராகப் பேசுகிறது. என் வண்டியின் மாடல் பூஸ்டர் இல்லாமல்தான் தொழிற்சாலையிலிருந்து வந்தது என்பதால் எனக்குச் சிக்கல் வரவில்லை. பூஸ்டரோடு வந்த வண்டி வைத்திருப்பவர்கள், குறிப்பாக ஏ.பி.எஸ். (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள வண்டி வைத்திருப்பவர்கள், தயவுசெய்து இதில் இறங்க வேண்டாம். அதில் பம்பைச் சரிசெய்வதுதான் சரி.

சாமான்கள் தஞ்சாவூரில் வாங்கினோம். மாஸ்டர் சிலிண்டர் வாங்கும்போது இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி சர்க்யூட் உள்ள டேண்டம் மாஸ்டராக இருக்க வேண்டும். ஒரு பக்கம் லைன் உடைந்தாலும் இன்னொரு பக்கம் பிடிக்கும். அடுத்தது பிஸ்டனில் இருக்கும் குழி. பூஸ்டர் வண்டி மாஸ்டரில் குழி ஆழம் குறைவாக இருக்கும், பூஸ்டரின் ராடு எங்கும் நழுவாது என்பதால். மேனுவலில் ராடு நேராகப் பெடலிலிருந்து வருகிறது. குழி ஆழமாக இல்லாவிட்டால் பெடல் திரும்பும்போது ராடு வெளியே விழுந்துவிடும், அதோடு பிரேக்கும் போய்விடும். கடையில் முதலில் எடுத்துக் கொடுத்ததில் குழி மேலோட்டமாகத்தான் இருந்தது. கம்பியை விட்டு அளந்து பார்த்து, ஆழமானதைத் தேடி வாங்கினோம்.

லேத் பட்டறை வேலைதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பெடலில் ராடு மாட்டும் பின் (pin) ஒரு அங்குலம் மேலே போனதால் மாஸ்டரும் ஒரு அங்குலம் மேலே போக வேண்டும், இல்லாவிட்டால் ராடு சாய்வாகத் தள்ளி சிலிண்டரை ஒரு பக்கமாகத் தேய்க்கும். பூஸ்டர் அகலமானது, விசையைத் தகட்டில் பரப்பிவிடும். மாஸ்டர் மட்டும் மாட்டினால், இஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவில் உள்ள ஃபயர்வால் தகடு வளைந்து கொடுக்கும், மிதிக்கிற விசை அதிலேயே போய்விடும். அதனால் 8 மி.மீ. பிளேட் வெட்டி, பூஸ்டரின் நான்கு போல்ட் ஓட்டையிலேயே மாட்டினோம். பட்டறைக்காரர் பெடலில் புது ஓட்டையைத் துளைத்ததோடு நிறுத்தாமல், அந்த இடத்தில் இரண்டு பக்கமும் வாஷர் வைத்து வெல்டிங் செய்து கொடுத்தார். நான் கேட்காமலே செய்தது, வேலை தெரிந்த மனிதர்.

மாஸ்டரை மாட்டுவதற்கு முன் வைஸில் பிடித்து, இரண்டு டியூபை மேலே ஆயில் டப்பாவுக்கே திருப்பிவிட்டு, குமிழ் நிற்கும்வரை தள்ளி ஏர் எடுத்தோம். மாட்டிய பிறகு லைனில் உள்ள ஏரை ஒவ்வொரு சக்கரமாக எடுத்தோம், தூரத்துச் சக்கரத்திலிருந்து தொடங்கி: பின் இடது, பின் வலது, முன் இடது, கடைசியாக முன் வலது. டிரம் போகும் பின் லைனில் மட்டும், காலை எடுத்த பிறகும் கொஞ்சம் அழுத்தத்தை நிறுத்திவைக்கும் 10 பி.எஸ்.ஐ. ரெசிடுவல் வால்வு. டிஸ்க் லைனில் இது வந்தால் பேட் உரசிக்கொண்டே இருக்கும். டாட் 4 ரக பிரேக் ஆயில் ஊற்றினோம். புதிதாக இருக்கும்போது அதன் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி. ஆனால் பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், இழுக்க இழுக்கக் கொதிநிலை குறையும். ஐப்பசி, கார்த்திகையில் நம் ஊர்க் காற்றில் இருக்கிற ஈரத்துக்கு, பாதி டப்பாவை மூடிவைத்து அடுத்த வருடம் ஊற்றுகிற பழக்கத்தை விட்டுவிட வேண்டும்.

புஷ் ராடில் ஒரு மி.மீ. அளவுக்கு விளையாட்டு (தளர்வான இடைவெளி) விட்டோம். சுத்தமாக இறுக்கிவிட்டால் மாஸ்டருக்குள் ஆயில் திரும்பும் துளை மூடிக்கொண்டு, ஓட ஓட பிரேக் தானாகப் பிடிக்கும்.

முதல் ஓட்டம் அறுவடை முடிந்த காய்ந்த களத்தில், காலி வண்டியாக. அப்புறம் 40 கிலோ மூட்டைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிப் பார்த்தோம். பெடல் கனம்தான், அதை மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் சக்கரத்தில் நடப்பது காலுக்குத் தெரிகிறது. ரோட்டில் பாதி அகலத்துக்கு நெல் காயப் போட்டிருக்கும் பருவத்தில் அந்த வித்தியாசம் பெரிது. சக்கரம் வழுக்கப் போகிறது என்பது முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது, காலைத் தளர்த்தி மிதிக்க முடிகிறது. நம் பக்கம் ஏற்ற இறக்கம் என்றால் ஆற்றுப் பாலங்கள் மட்டும்தான் என்பதால் இது ஒத்துவருகிறது. மலைப்பாதையில் ஓடும் வண்டிக்கு இதை நான் சொல்ல மாட்டேன். ஆர்.சி.யில் உள்ள எடைக்கு மேல் ஒரு மூட்டைகூட இப்போது ஏற்றுவதில்லை. 8 வருடம் தாண்டிய சரக்கு வண்டிக்கு வருடா வருடம் எஃப்.சி. (தகுதிச் சான்று) உண்டு, அதில் பிரேக் சோதனையும் தேறிவிட்டது.

குறுவைக்கும் சம்பாவுக்கும் முன்னால் பின் ஷூவை அட்ஜஸ்ட் செய்துவிடுகிறேன், பெடல் இறங்காமல் இருக்க அதுதான் வழி. வண்டியை வேறு யாராவது கேட்டால் சாவி கொடுப்பதற்கு முன் பக்கத்தில் உட்கார்ந்து களத்தில் ஒரு சுற்று ஓட்டச் சொல்கிறேன். பவர் பிரேக்கில் பழகிய கால் முதல் மிதியில் பாதி விசைதான் கொடுக்கும். என் மச்சான் அப்படித்தான் மிதித்தார், வரப்பருகே போய்த்தான் வண்டி நின்றது. இரண்டாவது சுற்றில் அவருக்குப் பிடிபட்டுவிட்டது.