பேனருக்கு முன்னாடியே குக்கி வந்துவிட்டது

ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட். அதற்குள்ளேயே நாலு அறை ஹோம்ஸ்டே, கூடவே காபித்தூளும் மிளகும் ஆன்லைனில் விற்பனை. அந்த வெப்சைட்டை இரண்டு வருடமாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். எனக்கு ஆபீஸ் என்பது சேலம் அஸ்தம்பட்டியில் வீட்டு மாடி அறை.

ஒரு நாள் காலையில் எஸ்டேட் அண்ணா போன் செய்தார். “தம்பி, ஜெர்மனியிலிருந்து வந்து தங்கினாரே, அவர் மெயில் போட்டிருக்கார். நம்ம சைட்டு கேட்காமலே குக்கி வைக்குதாம். நாமதான் கீழே ஒரு பெட்டி போட்டோமே?”

போட்டிருந்தோம். குக்கி என்பது, வந்தவரை அடையாளம் வைத்துக்கொள்ள சைட் அவர் பிரவுசரில் வைக்கும் சிறு குறிப்பு. அதற்கு அனுமதி கேட்கும் அந்தப் பெட்டிதான் பேனர், இலவச பிளகின் ஒன்று. ‘ஏற்கிறேன்’ என்று ஒரே ஒரு பட்டன். அதோடு வேலை முடிந்தது என்று நானும் விட்டுவிட்டேன்.

இன்காக்னிட்டோவில் சைட்டைத் திறந்து எஃப்12 அழுத்தி, அப்ளிகேஷன் டேபில் குக்கிகளைப் பார்த்தேன். பேனரை இன்னும் தொடவே இல்லை. அதற்குள் வருகையை எண்ணும் கூகுள் அனலிட்டிக்ஸ் குக்கி இரண்டு, விளம்பரத்துக்கான மெட்டா பிக்சலுடையது ஒன்று, மூன்றும் உட்கார்ந்திருந்தன. அந்தப் பட்டனுக்கும், குக்கிகளை வைக்கும் டேக்குகள் என்ற சிறு கோடுகளுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. சோளக்கொல்லை பொம்மை மாதிரி பேனர் சும்மா நின்றுகொண்டிருந்தது.

ஏற்காட்டில் இருக்கிற சைட்டுக்கு ஐரோப்பியச் சட்டம் எதற்கு என்று அண்ணா கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் ஐரோப்பாவில் இருப்பவர்களை மனதில் வைத்து விற்றால், கடை எந்த ஊரில் இருந்தாலும் ஐரோப்பாவின் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர் பொருந்தும். நம் சைட்டில் அறை வாடகை யூரோவிலும் போட்டிருக்கிறது. தப்பிக்க வழியில்லை.

சரி, முறையாகச் செய்வோம் என்று, டேக்குகளை ஓட்டும் கூகுள் டேக் மேனேஜரில், அனுமதியைப் பொறுத்து அவற்றை நடத்தும் கன்சென்ட் மோட் அமைக்க உட்கார்ந்தேன். இதன் இரண்டாம் பதிப்பில் அனுமதி நான்கு வகை: ஆட் ஸ்டோரேஜ், அனலிட்டிக்ஸ் ஸ்டோரேஜ், ஆட் யூசர் டேட்டா, ஆட் பெர்சனலைசேஷன். முதலில் நான்கையும் ‘மறுப்பு’ என்று வைக்க வேண்டும். ஆள் ‘சரி’ சொன்ன பிறகு பேனர் அதை ‘அனுமதி’ என்று மாற்றும். மறுப்பில் இருக்கும்போதும் கூகுள் டேக்குகள் குக்கி இல்லாமல் ஒரு சிறு செய்தியை அனுப்ப ஒரு வழி உண்டு. அதை அட்வான்ஸ்டு என்கிறார்கள். வேண்டாம் என்றவரைப் பற்றி எதுவுமே போக வேண்டாம் என்று நாங்கள் பேசிக் மோடையே எடுத்தோம். ஒவ்வொரு டேக்கிலும் கூடுதல் அனுமதி தேவை என்ற இடத்தில் அனலிட்டிக்ஸுக்கு அனலிட்டிக்ஸ் ஸ்டோரேஜ் அனுமதியும், பிக்சலுக்கு விளம்பர அனுமதியும் குறித்தேன். பழைய டெவலப்பர் தீமின் ஹெட்டரிலேயே அனலிட்டிக்ஸ் கோடை ஒட்டிவைத்திருந்தார். டேக் மேனேஜருக்கு அது தெரியவே தெரியாது. அதையும் பிடுங்கினேன்.

மாடி அறையில் சோதித்தேன். ஒரு குக்கிகூட இல்லை. பெருமையாக அண்ணாவிடம் காட்ட வண்டியை எடுத்துக்கொண்டு இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறினேன்.

எஸ்டேட் திண்ணையில் சிக்னல் ஒரு கோடுதான். அண்ணா போனில் ஹாட்ஸ்பாட் போட்டு லேப்டாப்பில் திறந்தேன். பேனர் வரவில்லை. குக்கி வந்துவிட்டது! காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அண்ணா பார்க்கிறார். எனக்குக் காது சூடாகிவிட்டது.

டேக் மேனேஜரின் சோதனைப் பார்வையான பிரிவியூ மோடில் கன்சென்ட் டேபைத் திறந்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. முதல் நிகழ்வுகளில் ‘மறுப்பு’ என்ற ஆரம்ப நிலையே இல்லை. ஆரம்ப நிலை சொல்லப்படாவிட்டால் டேக் மேனேஜர் அதைத் தடையாக எடுத்துக்கொள்ளாது, டேக் ஓடிவிடும். அந்த ஆரம்ப நிலையை நான் பேனர் கம்பெனியின் ஸ்கிரிப்டிலேயே விட்டிருந்தேன். அது வெளி சர்வரிலிருந்து வர வேண்டும். போதாக்குறைக்கு, பக்கம் வேகமாகத் திறக்கட்டும் என்று நானே போட்ட கேஷ் பிளகின் அதை அசிங்க் ஆக்கிவைத்திருந்தது. அதாவது, எது முதலில் வந்து சேர்கிறதோ அது முதலில் ஓடும். சேலத்து ஃபைபரில் பேனர் முந்தியது. மலையில் டேக் முந்திவிட்டது.

சரிசெய்ய ஐந்தாறு வரி போதும். நான்கு மறுப்புகளையும் பக்கத்தின் ஹெட் பகுதியில், டேக் மேனேஜர் கோடுக்கு மேலேயே நேரடியாக எழுதினேன். அது எங்கிருந்தும் வர வேண்டியதில்லை, பக்கத்தோடேயே இருக்கிறது. கேஷ் பிளகினில் அந்த வரிகளைத் தொடாதே என்று விலக்கும் கொடுத்தேன். இப்போது குரோமில் நெட்வொர்க் டேபில் வேகத்தைக் குறைத்து சேலத்திலிருந்தே சோதிக்கிறேன். முதலிலேயே செய்திருந்தால் பெட்ரோல் மிச்சம். ஆனால் காபி கிடைத்திருக்காது.

அப்புறம் சில்லறைச் சிக்கல்கள். ‘சரி’ அழுத்தியவரின் முதல் பக்கம் கணக்கில் வரவே இல்லை. பக்கம் திறந்த நொடியில் தடுக்கப்பட்ட டேக், பின்னால் அனுமதி கிடைத்தாலும் தானாகத் திரும்ப ஓடாது. பேனர் அனுப்பும் அனுமதி நிகழ்வையே டேக்கை ஓடவைக்கும் டிரிகராக வைத்த பிறகு சரியானது. யூடியூப் வீடியோவும் மேப்பும் டேக் மேனேஜர் வழியாக வருவதில்லை, அதனால் இந்த ஏற்பாடு எதுவும் அவற்றைத் தடுக்காது. வீடியோவைத் தட்டிய பிறகுதான் ஏறும்படி மாற்றி, மேப்புக்குப் பதில் ஒரு படமும் லிங்க்கும் வைத்தேன். மனம் மாறினால் அனுமதியைத் திரும்பப் பெற அடியில் ஒரு லிங்க். திரும்பப் பெற்றாலும் ஏற்கெனவே வைத்த குக்கி தானாகப் போகாது, நாம்தான் அழிக்க வேண்டும். இதற்குத்தான் எனக்கு ஒரு ராத்திரி போனது.

‘வேண்டாம்’ பட்டனைச் சின்னதாக, சாம்பல் நிறத்தில் வைக்கலாமே என்றார் அண்ணா. ஏற்பது சுலபமாகவும் மறுப்பது சுற்றுவழியாகவும் இருந்ததற்காக பிரான்ஸின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் கூகுளுக்கு 15 கோடி யூரோ, ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோ அபராதம் போட்டதை 2022 ஜனவரியில் அறிவித்தது. அந்தத் தொகையைச் சொன்னதும் இரண்டு பட்டனும் ஒரே அளவாகிவிட்டன.

பத்து நாள் கழித்து மறுபடி போன். “என்ன தம்பி, சைட்டுக்கு ஆளே வரலையா?” வேண்டாம் என்றவர்கள் கணக்கில் வரமாட்டார்கள் என்று விளக்கினேன். “அது சரி, புக்கிங் நோட்டுல குறையல” என்றார்.

கடைசியாகத் தமிழ் வாசகம். 2023-இல் வந்த நம் நாட்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணை மொழிகளிலோ படிக்க வசதி வேண்டும் என்கிறது. ‘தங்கள் பயனர் அனுபவத்தை மேம்படுத்தும் பொருட்டு’ என்று ஆரம்பித்து நான்கு வரி எழுதி அனுப்பினேன். அண்ணா வாட்ஸாப்பில் திருப்பி அனுப்பியது இது: “எத்தனை பேர் வர்றாங்கன்னு எண்ணவும், எங்க விளம்பரத்தை உங்களுக்குத் திரும்பக் காட்டவும் குக்கி வைக்கலாமா?” இரண்டு காரியத்துக்கும் தனித்தனியாகக் கேட்க வேண்டும் என்பதால் அதை இரண்டு கேள்வியாக மட்டும் பிரித்தேன். மற்றபடி அவர் எழுதியதுதான் சைட்டில் இருக்கிறது. ஒவ்வொன்றின் கீழும் ‘சரி’, ‘வேண்டாம்’.