வாழைத்தண்டின் குறுக்குவெட்டு

பாலிமர் களிமண்ணில் நகை செய்ய ஆரம்பித்து ஒன்பது வருடங்கள் ஆகின்றன. கம்மல், பதக்கம், சாவிக்கொத்து, அப்புறம் நவராத்திரி நேரத்தில் கொலுவுக்கு விரல் நக அளவில் இட்லித் தட்டு, டபரா டம்ளர். வாங்க வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தோணுது?"

முதல் நான்கு வருடங்களில் எனக்கு எதுவும் தோன்றவில்லை. இணையத்தில் வெளிநாட்டுக் கலைஞர்களின் படங்களைப் பார்ப்பேன், அதையே செய்வேன். டெய்சிப் பூ, டோனட், மக்ரோன் என்கிற பிரெஞ்சு இனிப்பு. மக்ரோனை நான் தின்று பார்த்ததே இல்லை. அதன் ஓரம் ஏன் நுரைத்தாற்போல இருக்கிறது என்று தெரியாமலேயே ஊசியால் குத்திக் குத்திச் செய்தேன். விற்றது. ஆனால் பெட்டியில் வைத்து மூடும்போது என் கை செய்த பொருள் என்ற நினைப்பே வராது. ஒரு கட்டத்தில் காலையில் மேசைக்கு முன்னால் உட்காரவே மனசு வரவில்லை.

பெயரில்தான் களிமண், இதில் மண் கிடையாது. பிவிசி என்ற பிளாஸ்டிக்கின் தூள், அதை இளக்கமாக வைத்திருக்கும் எண்ணெய் போன்ற ஒரு பொருள், நிறமி, அவ்வளவுதான். காற்றில் காயாது. பிராண்டைப் பொறுத்து 110 முதல் 135 டிகிரி செல்சியஸில் அரை மணி நேரம் வைத்தால்தான் இறுகும். அதனால் பாதி செய்ததை மூடி வைத்துவிட்டு, பத்து நாள் யோசித்துவிட்டு வந்தும் தொடரலாம். யோசிக்க நேரம் தருகிற பொருள் இது. எனக்கு இதைப் பிடித்துப்போனதற்கு முதல் காரணமே அதுதான்.

இதில் எனக்கு உயிரான வேலை உருளை வேலை. ஆங்கிலத்தில் 'கேன்' என்பார்கள். வெவ்வேறு நிறக் குச்சிகளையும் தகடுகளையும் அடுக்கி ஒரு கனமான உருளையாக்க வேண்டும். நீளவாட்டில் பார்த்தால் ஒன்றும் தெரியாது, குறுக்கே வெட்டினால் பூ. அந்த உருளையை நடுவிலிருந்து மெல்ல அழுத்தி உருட்டினால் கனம் குறைந்து நீளும். எவ்வளவு மெலிந்தாலும் உள்ளே இருக்கும் பூ சின்னதாகுமே தவிர அழியாது. அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து, மெல்லிய பிளேடால் வில்லை வில்லையாக வெட்டினால் ஒவ்வொன்றிலும் அதே பூ. இத்தாலியின் முரானோ தீவில் கண்ணாடியில் இதைச் செய்து 'மில்லெஃபியோரி', அதாவது ஆயிரம் பூக்கள் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

ஒரு சனிக்கிழமை காலை. திருச்சி வெயிலில் களிமண் குழைந்துபோயிருந்தது. அதிக எண்ணெயை உறிஞ்சட்டும் என்று வெள்ளைத் தாள்களுக்கு நடுவே பரப்பி வைத்துவிட்டு அடுக்களைக்குப் போனேன். அத்தை வாழைத்தண்டு நறுக்கிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வில்லையை வெட்டியதும் நாரை ஆள்காட்டி விரலில் சுற்றிக்கொள்வார், வில்லையை மோர்த் தண்ணீரில் போடுவார். நூறு தடவை பார்த்த காட்சி. அன்றைக்கு என் கண் போனது ஓரத்தில் கிடந்த மட்டைத் துண்டின் மேல். அதன் வெட்டுமுகத்தில் பிறை வடிவில் வரிசையாகச் சின்னச் சின்ன அறைகள், நடுவே வெள்ளையும் இளம்பச்சையுமாக மெல்லிய சுவர்கள். அது ஓர் உருளைதான்! வாழை அதை ஏற்கெனவே அடுக்கி வைத்திருக்கிறது.

அன்று மதியமே செய்தேன். ஒளி ஊடுருவும் களிமண்ணில் குச்சிகள் திரட்டி, ஒவ்வொன்றையும் இளம்பச்சைத் தகட்டால் சுற்றி, நெருக்கி அழுத்தினேன். வட்டக் குச்சிகள் நெருக்கத்தில் தாமாகவே தேன்கூட்டு அறைகளாக மாறின. ஓவனில் வைத்தபோது மட்டும் தவறு நடந்தது. திருகு 120 காட்டினாலும் உள்ளே சூடு அதைத் தாண்டியிருந்தது. ஒளி ஊடுருவும் களிமண் சூட்டைத் தாங்காது, பழுப்பேறிவிட்டது. அத்தை ஒரு வில்லையைக் கையில் எடுத்துப் பார்த்தார். "மோர்ல போடாத தண்டு இப்படித்தான் கறுத்துப் போவும், அப்படியே இருக்கு" என்றார். அந்த வில்லைகளை நான் தூக்கிப் போடவில்லை. தனியாக ஒரு தெர்மாமீட்டர் வாங்கி உள்ளே வைத்தது அதற்குப் பிறகுதான்.

அப்புறம் அடுக்களையில் எதை வெட்டினாலும் பார்க்க ஆரம்பித்தேன். வெண்டைக்காயில் ஐந்து அறைகள், பீட்ரூட்டில் கறுப்பும் சிவப்புமாக மாறி மாறி வளையங்கள். வெண்டைக்காய்க் கம்மல்தான் இன்றுவரை அதிகம் போகிறது.

ஆனால் பார்ப்பது என்றால் என்னவென்று எனக்குப் புரியவைத்தது காய் அல்ல, ஒரு புடவை. காரைக்குடியிலிருந்து ஓர் அம்மா தொலைபேசியில் பேசினார். அவருடைய தாயார் கட்டிய கண்டாங்கி. "துணி இத்துப்போச்சும்மா, தொட்டாக் கிழியுது. இதைப் பாத்து கழுத்துல போட்டுக்கிற மாதிரி ஒண்ணு செஞ்சு தருவியா?" என்றார். உள்ளங்கை அகலத் துண்டு ஒன்று தபாலில் வந்தது. அரக்கும் கடுகு மஞ்சளும் கலந்த கட்டம்.

கட்டம்தானே, எளிது என்று நினைத்தேன். இரண்டு நிறச் சதுரங்களை அடுக்கி வெட்டிப் பார்த்தால் சதுரங்கப் பலகை வந்தது. மூன்று தடவை செய்தும் அதேதான். பிறகு பூதக்கண்ணாடியை எடுத்து அந்தத் துணியை வெகு நேரம் பார்த்தேன். பாவு நீளவாட்டு நூல், ஊடு குறுக்கு நூல். அரக்குப் பாவில் அரக்கு ஊடு போகும் இடம்தான் முழு அரக்கு. மஞ்சளில் மஞ்சள் போகும் இடம் முழு மஞ்சள். அரக்கில் மஞ்சள் குறுக்கிடும் இடத்தில் மூன்றாவதாக ஒன்று இருந்தது. அது நிறம்கூட இல்லை, இரண்டு நூலும் புள்ளி புள்ளியாக அருகருகே நிற்கும் நெருக்கம். இரண்டையும் பிசைந்து கலந்தால் மங்கிய பழுப்புதான் வந்தது. கடைசியில் பிசையாமல், இரண்டையும் பொடிப் பொடியாக நறுக்கிச் சேர்த்து அழுத்தினேன். வெட்டிய வில்லையில் நெசவு தெரிந்தது. இதற்கு மூன்று வாரம் ஆனது. வாங்கிய பணத்துக்கு அது கட்டுப்படியாகாது, ஆனாலும் அந்த மூன்று வாரத்தை நான் எதற்கும் கொடுக்க மாட்டேன்.

பார்சல் கிடைத்த அன்று அவர் கூப்பிட்டார். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. "முந்தானை ஓரம் மாதிரியே இருக்கும்மா" என்று மட்டும் சொன்னார்.

போன வருடம் புதுச்சேரி அருங்காட்சியகத்தில், பக்கத்திலிருக்கும் பழைய துறைமுகமான அரிக்கமேட்டில் கிடைத்த மணிகளைப் பார்த்தேன். சில கடுகளவுதான் இருக்கும். உருகிய கண்ணாடியைக் குழலாக நீள இழுத்து, அதைத் துண்டு துண்டாக நறுக்கிச் செய்தவை. நீட்டு, மெலியவிடு, குறுக்கே வெட்டு. இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னால் இந்தக் கடற்கரையில் யாரோ செய்த அதே வேலையைத்தான் என் மேசையில் நானும் செய்கிறேன் என்று நினைத்தபோது அந்தக் கண்ணாடிப் பெட்டியை விட்டு நகர முடியவில்லை.

இப்போது காய் நறுக்கும்போது அத்தையே ஒரு வில்லையை எடுத்து எனக்கென்று ஜன்னல் ஓரத்தில் வைத்துவிடுகிறார். நேற்று வைத்திருந்தது பாகற்காய். விளிம்பு முழுக்க மேடும் பள்ளமும், உள்ளே வெள்ளைப் பஞ்சு, அதில் பதிந்த விதைகள். அந்த விளிம்பை எப்படி அடுக்குவது என்று இன்னும் பிடிபடவில்லை.